கிழிந்தது ரப்பர், மாற்றச் சொல்வது ஆக்சில்!

டிஸ்கி: இந்தப் பதிவு மெக்கானிக் வகுப்பு மாதிரி ஆரம்பித்து, பாதியில் சண்டையாக மாறும். எழுதுபவன் பி.காம். மூன்றாம் ஆண்டு. டெபிட், கிரெடிட் மட்டும்தான் முறைப்படி படித்தது. மற்றதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கை முழுக்கக் கிரீஸ் பூசிக்கொண்டு கற்றது. பொறியியல் படிக்கும் நண்பர்கள் தப்பு கண்டுபிடித்தால் திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

அப்பா சென்னையில் கால் டாக்சி ஓட்டுகிறார். சொந்த வண்டிதான். அதாவது பாதி எங்களுடையது, மீதி கடன் கொடுத்தவருடையது. போன மாதம் ஆயில் மாற்றுவதற்காக ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தோம். ஏ.சி. ஹால், சோபா, இலவசக் காபி எல்லாம் இருக்கிற இடம். மத்தியானம் அப்பாவுக்கு போன் வந்தது.

"சார், லெஃப்ட் சைட் ஆக்சில் போயிடுச்சு. அசெம்பிளியா மாத்தணும். 11,400 ஆகும். ஓகே பண்ணிடட்டுமா?"

"சத்தம் ஒண்ணும் வரலையே சார்?"

"இப்ப வராது சார். ஒரு நாள் ஹைவேஸ்ல போறப்ப வீல் தனியா போகும். அப்புறம் உங்க இஷ்டம்."

பயமுறுத்துவது எப்படி என்று இவர்களுக்குத் தனியாக டிரெய்னிங் கொடுப்பார்கள் போல. அப்பா ஏர்போர்ட்டில் இருந்ததால் நான் போனேன். வண்டியை லிஃப்டில் தூக்கி வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குப் பின்னால் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர். அதில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். உள்ளே இருந்த கிரீஸ் சக்கரத்தின் உட்பக்கம் எல்லாம் தெறித்துக் கிடந்தது. என் கண்ணுக்குக் கிழிந்தது அந்த ரப்பர் மட்டும்தான்.

"அந்த ரப்பரை மட்டும் மாத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"உள்ள குண்டு குண்டா இருக்கும் தம்பி. பிரிச்சா சேராது."

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வரிக்கு எதிரானது. "பிரிச்சா சேராது."

அது பொய். கொஞ்சம் பொய், கொஞ்சம் சோம்பல், மீதி வியாபாரம்.

முதலில் அது என்ன சாமான்?

முன்சக்கரம்தான் காரை இழுக்கிறது என்றால், எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி அந்தச் சக்கரத்துக்குப் போக வேண்டும். ஆனால் அதே சக்கரம் ஸ்டியரிங்குக்காக இடமும் வலமும் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் இறங்கி ஏறவும் வேண்டும். சுற்றிக்கொண்டே வளைய வேண்டும், வளைந்துகொண்டே சுற்ற வேண்டும். இதற்குச் சாதாரண இரும்புத் தண்டு உதவாது. நடுவில் ஒரு மூட்டு தேவை.

பழைய அம்பாசடரில் பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான புரொபெல்லர் ஷாஃப்டில் சிலுவை வடிவ மூட்டு ஒன்று இருக்கும். 17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் அதைச் சொல்வார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு. வளைந்த நிலையில் ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். 30 டிகிரி வளைவில் உள்ளே வரும் வேகம் 100 என்றால், வெளியே போவது சுமார் 87-க்கும் 115-க்கும் நடுவே ஊசலாடும். பின்சக்கர வண்டியில் வளைவு குறைவு. இரண்டு மூட்டுகளை எதிரெதிராக வைத்தால் ஒன்றின் கோளாறை இன்னொன்று அடித்துவிடும். முன்சக்கரத்திலோ ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வளைவு 40 டிகிரியைக்கூடத் தொடலாம். சிலுவை மூட்டைப் போட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் கையில் உதறல்தான்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் ஃபோர்டில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஷெப்பா. 1920-களின் பின்பாதியில் அவர் கொண்டுவந்த மூட்டுதான் இன்றைக்கும் பெரும்பாலான முன்சக்கரக் கார்களில், சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. கிண்ணம் மாதிரி ஒரு வெளிக்கூடு, நட்சத்திரம் மாதிரி ஓர் உள்வளையம், இரண்டிலும் ஆறு ஆறு பள்ளம். அந்தப் பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகளை வரிசையில் நிறுத்த, ஆறு ஜன்னல் வைத்த ஒரு கேஜ். அவ்வளவுதான். தண்டு எந்தப் பக்கம் வளைந்தாலும், அந்த வளைவுக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்தில் ஆறு குண்டுகளும் நிற்கும். நடுநிலையில் நிற்பதால் இந்தப் பக்கம் என்ன வேகமோ அந்தப் பக்கமும் அதே வேகம். அதனால்தான் பெயரே 'மாறா வேக' மூட்டு. ஒர்க்‌ஷாப் பாஷையில் சி.வி. ஜாயிண்ட்.

1959-இல் வந்த மினி கார் இந்த வகை மூட்டோடு சின்ன முன்சக்கரக் காரைப் பிரபலமாக்கியது. நம் ஊரில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு முன்சக்கர இழுப்பு என்பது நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் வந்துவிட்டது. இந்த ஊர் மெக்கானிக்குகள் 40 வருடத்துக்கு மேலாக இந்த மூட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நேற்று வானத்திலிருந்து விழுந்த சாமான் அல்ல.

அந்த ரப்பருக்குப் பெயர் பூட். அதன் வேலை இரண்டே இரண்டு. உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கும் மண்ணும் தண்ணீரும் உள்ளே வரக் கூடாது. வெயிலிலும் மடிப்பிலும் கிடந்து கிடந்து ரப்பர் ஒரு நாள் வெடிக்கும். அது இயற்கை. அதை உடனே பார்த்துவிட்டால், கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, புது பூட் போட்டு மூடிவிடலாம். பார்க்காமல் விட்டால் மண் கலந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி குண்டுகளையும் பள்ளத்தையும் அரைத்துவிடும். அப்போதுதான் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் வரும்.

எங்கள் வண்டியில் அந்தச் சத்தம் இல்லை. கிழிசல் புதுசு. அதாவது காய்ச்சல் வருவதற்கு முன்பே ஐ.சி.யூ.வில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

அப்பா போனில் ஒரே வரி சொன்னார். "எதுலயும் கையெழுத்துப் போடாம வண்டிய எடுத்துக்கிட்டு வந்துரு."

எங்கள் தெரு முனையில், வேப்ப மரத்தடியில் கடை போட்டிருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினோம். அவர் வண்டியை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு முழு ஒடி ஒடித்து, மெதுவாக வட்டம் அடித்தார். இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம். காதை வெளியே நீட்டிக் கேட்டார்.

"ஜாயிண்டு உசுரோடதான் இருக்குது. சனிக்கெழம பூட் கிட்டு வாங்கிக்கினு வந்துரு. ஞாயித்துக்கெழம நீயும் கை போடறியா? கூலில கொறைச்சிக்கறேன்."

சனிக்கிழமை ஜி.பி. ரோட்டில் பூட் கிட் வாங்கினேன். பூட் ஒன்று, கிளிப் இரண்டு, சர்க்ளிப் ஒன்று, கறுப்புக் கிரீஸ் பாக்கெட் ஒன்று. எல்லாம் சேர்த்து 780 ரூபாய். தனியாக ஆக்சில் நட் 120.

ஞாயிறு காலை வேலை ஆரம்பம். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்தி, பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, கீழே இருக்கும் பால் ஜாயிண்டைப் பிரித்து, ஹப்பை வெளிப்பக்கம் இழுத்து, கியர் பாக்ஸிலிருந்து ஷாஃப்டை உருவி வெளியே எடுத்தார். கியர் ஆயில் கொஞ்சம் ஒழுகும், தட்டு வைக்க வேண்டும். பழைய கிளிப்பை வெட்டி, கிழிந்த பூட்டை அறுத்து எறிந்து, பித்தளைக் கம்பி வைத்து உள்வளையத்தில் நச்சென்று ஒரு தட்டு. ஜாயிண்ட் ஷாஃப்டை விட்டுக் கழன்று கைக்கு வந்துவிட்டது.

இனிமேல்தான் 'சேராது' என்று சொன்ன பகுதி.

பிரிப்பதற்கு முன்னால் அண்ணன் செய்த முதல் வேலை, கிண்ணம், கேஜ், நட்சத்திரம் மூன்றிலும் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தது. எது எதற்கு நேராக இருந்ததோ அது அதற்கு நேராகவே திரும்ப உட்கார வேண்டும். குண்டுகளையும் எடுத்த வரிசையிலேயே ஒரு முட்டை அட்டையில் வைத்தார். ஒவ்வொரு குண்டும் தன் பள்ளத்தோடு சேர்ந்து தேய்ந்து பழகியிருக்கும். இடம் மாற்றினால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். மொத்த ரகசியமும் இந்தப் புள்ளியும் முட்டை அட்டையும்தான் மக்களே!

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காய வைத்தோம். அப்புறம் பரிசோதனை. பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்கேயாவது தடுக்கினால், குழி விழுந்திருந்தால், குண்டில் செதில் பெயர்ந்திருந்தால், கேஜ் ஜன்னலின் மூலையில் விரிசல் இருந்தால், அத்தோடு கதை முடிந்தது. ஜாயிண்டை மாற்றித்தான் ஆக வேண்டும், பேரம் கிடையாது. எங்களுடையதில் பள்ளம் கண்ணாடி மாதிரி இருந்தது.

சேர்ப்பது இப்படி. நட்சத்திரத்தைக் கேஜுக்கு நெட்டுக்குத்தாகப் பிடித்து, அதன் ஒரு பல்லைக் கேஜின் ஜன்னல் வழியாக விட்டு உள்ளே திருப்ப வேண்டும். டக்கென்று உள்ளே விழுந்து படுத்துக்கொள்ளும். பிறகு அந்த ஜோடியை அப்படியே செங்குத்தாக நிறுத்தி, கேஜின் ஜன்னல்கள் கிண்ணத்தின் மேடுகளுக்கு நேரே வருகிற மாதிரி இறக்கி, உள்ளே போனதும் படுக்கப் போட வேண்டும். நேராக அழுத்தினால் ஜென்மத்துக்கும் போகாது. திருப்பிப் பிடித்தால் ஒரு விரலில் போகும். நான் அரை மணி நேரம் நேராக அழுத்திக்கொண்டு இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன் :-(

பெயிண்ட் புள்ளிகளை நேர் பார்த்துக்கொண்டு, நட்சத்திரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தால் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் மேலே எழும். அதில் ஒரு குண்டு. கட்டை விரலால் ஓர் அழுத்து. பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொன்று. இப்படியே ஆறு. கடைசிக் குண்டு மட்டும் கொஞ்சம் வம்பு செய்தது. உள்ளே விழுந்ததும் கையால் எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்த்தோம். எங்கேயும் பிடிக்கவில்லை, தடுக்கவில்லை.

"சேராது" என்ற சாமான் சேர்ந்துவிட்டது. எனக்கு அப்போது நேரம் 11:20 என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

கிரீஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. டப்பாவில் இருக்கும் மஞ்சள் கிரீஸை அள்ளிப் பூசக் கூடாது. கிட்டில் வரும் கறுப்புக் கிரீஸில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்திருக்கும். குண்டும் பள்ளமும் அழுத்தத்தில் உரசும் இடத்துக்காகவே தயாரிக்கப்பட்டது அது. பாக்கெட்டில் இருப்பதுதான் அளவு. பாதியை நட்சத்திரத்தின் நடு ஓட்டை வழியாக அழுத்தி, குண்டுகளின் இடுக்கில் பிதுங்கும்வரை திணிக்க வேண்டும். மீதி பூட்டுக்குள்.

என் சாதனை

இங்கேதான் என் திறமை வெளிப்பட்டது. அண்ணன் வேறு ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருந்தார். சேர்ந்துவிட்ட ஜாயிண்டைப் பார்த்த சந்தோஷத்தில், புது சர்க்ளிப்பை ஷாஃப்டின் பள்ளத்தில் போட்டு, நேராகப் பிடித்து, மரச் சுத்தியால் தட்டினேன். 'க்ளிக்'. சர்க்ளிப் உட்கார்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. உலகக் கோப்பை ஜெயித்த மாதிரி நின்றேன்.

அண்ணன் வந்தார். பார்த்தார். "எல்லாம் கரெக்டாத்தான் கீது. அது இன்னா?" என்று பெஞ்சைக் காட்டினார்.

பெஞ்சில் புது பூட்.

ஜாயிண்டை ஏற்றுவதற்கு முன்னால் சின்னக் கிளிப்பையும் பூட்டையும் ஷாஃப்டில் கோத்திருக்க வேண்டும். மறுமுனையில் இன்னொரு ஜாயிண்ட் இருப்பதால் அந்தப் பக்கமாகவும் நுழைக்க வழி கிடையாது. திரும்பவும் தட்டிக் கழற்றினோம். ஒரு தடவை ஏற்றி இறக்கிய சர்க்ளிப்பை மறுபடி போட முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். "நாப்பது ரூவா சாமான நம்பித்தான் மொத்த ஷாஃப்டும் நிக்குது. உங்கப்பா ஓட்ற வண்டிப்பா இது." ஞாயிறு கடை இல்லை. திங்கள் காலை ஜி.பி. ரோடு திறந்து, வாங்கி வந்து, மாட்டி முடிக்கப் பதினொரு மணி. பூட்டின் இரு விளிம்பையும் அதனதன் பள்ளத்தில் உட்கார வைத்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட்டு, கிளிப்பை இறுக்கி, புது நட்டைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் வண்டியின் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு இறுக்கி, நட்டின் உதட்டைத் தட்டி மடக்கினார்.

அப்பாவுக்குத் திங்கள் காலை இரண்டு ஏர்போர்ட் ட்ரிப் போச்சு. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அது இதைவிடப் பரவாயில்லை.

இப்போது கணக்கு

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 11,400. எங்கள் செலவு: கிட் 780, நட் 120, கியர் ஆயில் 400, கூலி 1,000. ஆக 2,300. மிச்சம் 9,100. இதில் என் மறதிக்கான அபராதம், இரண்டாவது சர்க்ளிப் 40, போன ட்ரிப் 1,600. இந்த 1,600 எந்த பில்லிலும் வராது. நம் பாடப் புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பக்கம் வரும், அது இதுதான். எல்லாம் கழித்தாலும் 7,460 கையில். எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. வண்டிக் கடனின் மாதத் தவணையில் பெரும்பகுதி.

சரி, ஒர்க்‌ஷாப் ஏன் அப்படிச் சொல்கிறது? அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்வது சுலபம். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. அவர்கள் கணக்குப் படித்தவர்கள். அதுதான் பிரச்சினை.

பூட் மாற்றுவது கையழுக்கு வேலை. நேரம் பிடிக்கும். அதில் விற்பனையாவது சில நூறு ரூபாய் ரப்பர். அசெம்பிளி மாற்றுவது உருவிச் சொருகும் வேலை. கழுவவேண்டாம், புள்ளி வைக்கவேண்டாம், குண்டு எண்ணவேண்டாம். விற்பனையாவது பல ஆயிரம் ரூபாய் சாமான், அதன் லாபம் தனி. பிரித்துச் சேர்த்ததில் தப்பு வந்தால் பழி ஒர்க்‌ஷாப்பின் மேல். புதுசு மாட்டி தப்பு வந்தால் பழி சாமான் செய்தவன் மேல். ஆக லாபம் அவர்களுக்கு, ரிஸ்க் வேறொருவனுக்கு, செலவு எங்கப்பாவுக்கு. அவர்கள் இடத்தில் இருந்தால் நம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குபவனும் இதே முடிவைத்தான் எடுப்பான்.

இதில் எனக்குக் கோபம் வருவது விலையின் மேல் அல்ல. "பூட் மட்டும் மாத்தலாம் சார், ஆனா நாங்க அந்த வேலை செய்யறதில்ல" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. அது வியாபாரம், அவர்கள் உரிமை. ஆனால் "முடியாது" என்று சொன்னார்கள். செய்ய விருப்பமில்லை என்பதை, செய்யவே இயலாது என்று மாற்றிச் சொல்வதுதான் திருட்டு. அதுவும் "வீல் தனியா போகும்" என்று, ரோட்டில் பிழைக்கும் ஒரு டிரைவரிடம் சொல்வது.

எதிர்க்கேள்விகள்

"பாதுகாப்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்கலாமா?" கூடாது. சத்தம் வந்த ஜாயிண்டைக் கழுவிப் பூசி ஓட்டச் சொல்பவனும் திருடன்தான். பள்ளத்தில் குழி விழுந்துவிட்டால் எந்தக் கிரீஸும் அதை நிரப்பாது. மேலும் மேலும் தேய்ந்து ஒரு நாள் நடுரோட்டில் கையை விரித்துவிடும். நான் சொல்வது, பார்த்துவிட்டு முடிவு செய் என்பது. எங்கள் வண்டியில் அந்த பூட்டைத் திறந்து உள்ளே பார்க்கக்கூட இல்லை. பார்க்காமலே தீர்ப்பு.

"எல்லா ஜாயிண்டும் பிரிக்கக் கூடியதா?" இல்லை. சில வண்டிகளில் வெளி ஜாயிண்டை ஷாஃப்டிலிருந்து கழற்ற முடியாதபடி செய்திருக்கிறார்கள். சில தயாரிப்பாளர்கள் குண்டுகளை வெளியே எடுக்காதே என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேகூட ஷாஃப்டின் மறுமுனை வழியாக பூட்டை ஏற்ற வழி இருக்கும். கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்ட் பல வண்டிகளில் மூன்று உருளை வைத்த வேறு வகை, அதைப் பிரிப்பது இதைவிட லேசு. எது எப்படியோ, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து காட்டட்டும். வாயால் "கம்பெனி சொல்லிருக்கு" என்றால் எப்படி?

"தெரு மெக்கானிக்கை நம்பலாமா?" எல்லோரையும் நம்ப முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பழைய பூட்டுக்கு சைக்கிள் டியூப் சுற்றி, கிளிப்புக்குப் பதில் கட்டுக் கம்பி முறுக்கி அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்பி ரப்பரை மூன்றே மாதத்தில் அறுக்கும். நான் மரத்தடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. புள்ளி வைப்பவனா, வைக்காதவனா என்பதுதான் கேள்வி. ஏ.சி. ஹாலிலும் அதே கேள்விதான்.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. என்ன குற்றம்? அசல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், பழுது பார்க்கும் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது. வெளியே ரிப்பேர் பார்த்தாலே வாரண்டி போச்சு என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016-இல் சில நிறுவனங்களுக்கு அபராதக் கணக்கைக் குறைத்தது, ஆனால் செய்தது தப்பு என்பதை மாற்றவில்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. அதில் செல்போன், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் உண்டு. அதே வருடம் டிசம்பர் 24 அன்று அதற்காக ஓர் இணைய தளமும் திறந்தார்கள்.

ஆக, சட்டம் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஆனால் சட்டம் கையேட்டைத்தான் வாங்கிக் கொடுக்கும். கேள்வி கேட்க வாயை வாங்கிக் கொடுக்காது.

"எலெக்ட்ரிக் கார் வந்தா இதெல்லாம் போயிடும்" என்று ஒரு நண்பன் சொன்னான். போகாது ராசா. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சி போயே ஆக வேண்டும், சக்கரம் ஏறி இறங்கியே ஆக வேண்டும். அங்கேயும் இதே ஷாஃப்ட், இதே ஜாயிண்ட், இதே ரப்பர் பூட். எஞ்சின் போகும், எஸ்டிமேட் போகாது.

கடைசியாக நமக்கு

திங்கட்கிழமை மத்தியானம் கல்லூரிக்குப் போனேன். நக இடுக்கில் கறுப்பு போகவில்லை. "என்னடா, ஐ.டி.ஐ.-ல சேர்ந்துட்டியா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இரண்டு நாளாக என்னை நானே திட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஏன் அது ஜோக்? காஸ்டிங் பேப்பரில் 'வாங்குவதா, தயாரிப்பதா' என்று கணக்குப் போட்டு மார்க் வாங்குகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்த ஒரு பில்லில், இது என்ன சாமான், ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. கையில் அழுக்குப் படாததைத்தான் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்பை நம்பித்தான் "பிரிச்சா சேராது" என்ற வரி விற்பனையாகிறது. கேட்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் அந்த எஸ்டிமேட்டில் சேர்ந்த ஒரு தொகைதான். அதற்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம்!

எல்லோரும் போய் ஆக்சில் கழற்றுங்கள் என்று சொல்லவில்லை. ஜாக்கி மட்டும் போட்டு அடியில் நுழையாதீர்கள், செத்துப்போவீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள், போதும். எந்தச் சாமான் கெட்டது, கையில் காட்டு. அதை மட்டும் மாற்ற முடியாது என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு. மாற்றினால், பழையதை என் டிக்கியில் வை. கடைசிக் கேள்வியிலேயே பாதி எஸ்டிமேட் இளைத்துவிடும், நம்புங்கள்.

திங்கள் பதினொரு மணிக்கு அப்பா வண்டியை எடுத்தார். எங்கள் தெரு முட்டுச் சந்து. அங்கே போய் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, கண்ணாடியை இறக்கி, ஒரு வட்டம் அடித்தார். பிறகு மறுபக்கம் ஒரு வட்டம். நான் நடுத்தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. வெளியே தலையை நீட்டி, "அடுத்த தடவ பூட்டை மொதல்ல கோத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை உண்டு என்று அவரே முடிவு செய்துவிட்டார். எனக்கு அது போதும்.

உங்களிடம் யாராவது "பிரிச்சா சேராது" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே ஒன்று மட்டும் கேளுங்கள்.

"பிரிச்சுப் பாத்தீங்களாண்ணா?"